நான்கு குச்சி, ஒரு கயிறு

வில்ஃப் ஹெப்டன் முப்பத்தோரு வருடம் டவுன் பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்ற கையோடு, ரயில் பாதையோரம் நகராட்சி வாடகைக்கு விடும் தோட்டத் துண்டுகளில் என்னுடையதற்கு அடுத்ததை எடுத்துக்கொண்டார். மண்வெட்டியைக் கழுவித் துடைத்து எண்ணெய் பூசாமல் வீட்டுக்குப் போக மாட்டார். என் பக்கம் எட்டிப் பார்த்து, "ஏம்மா பிரெண்டா, இது தோட்டமா, இல்ல முயலுக்குக் கட்டின சத்திரமா?" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர் சொல்வது உண்மை என்பதால் இன்னும் அதிகமாக வரும்.

எழுபத்தெட்டு வயதில் ஆஸ்பராகஸ் நட்டார்; வசந்தத்தில் மண்ணைப் பிளந்து வரும் அதன் இளங்குருத்தை வெட்டி, வெண்ணெயில் தோய்த்துத் தின்பார்கள். அது நட்டதும் தின்கிற சமாச்சாரம் இல்லை. நட்ட வருடமும் அடுத்த வருடமும் வருகிற குருத்தைத் தொடக் கூடாது. மூன்றாவது வசந்தத்தில்தான் கத்தி வைக்கலாம்.

"இதத் திங்க நீங்க இருப்பீங்களா? இல்ல உங்க ஞாபகமா நாங்க தின்னுக்கணுமா?" என்று கேட்டேன்.

"நீ வெண்ணெய உருக்கி வை. மூணாவது வருஷம் முதல் குருத்து எனக்கு, ரெண்டாவது உனக்கு."

சொன்னபடி இரண்டு வருடம் குனிந்து குனிந்து பார்த்தாரே தவிர, ஒன்றைக்கூட ஒடிக்கவில்லை. மூன்றாவது வருடம் பிப்ரவரியில், காய்ந்த தண்டுகளைத் தரையோடு அறுத்து, பாத்திக்கு எரு போர்த்திவிட்டுத் திரும்பும்போது வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது.

மார்ச்சில் தோட்டச் சங்கத்தின் கடிதம் வந்தது. ஈஸ்டருக்குள் கொத்தி நடாவிட்டால், காத்திருப்பவருக்குத் துண்டு போய்விடும். கடிதம் எழுதுகிறவர்களுக்கு இடுப்பெலும்பு இருக்காது போலும்.

உதவிக்கு வந்தவன் அவர் மகன் கீத். ஐம்பத்திரண்டு வயது, கம்பளக் கடை வைத்திருக்கிறான். "அவன் கையில பிளாஸ்டிக் பூவக் குடுத்தாலும் வாடிப்போகும்" என்று அவன் முன்னாலேயே சொல்வார் வில்ஃப். அவனும் சிரித்து வைப்பான். பெரிய வெள்ளிக்குக் கடை விடுமுறை. அன்று உழவு மெஷினை வாடகைக்கு எடுத்து வருவதாகச் சொல்லியிருந்தான்.

முந்தின நாள் சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து வில்ஃப் எனக்குப் போன் செய்தார்.

"தண்ணித் தொட்டிப் பக்கத்துல ஆஸ்பராகஸ் பாத்தி. இப்ப பார்த்தா வெறுந்தரையாத்தான் தெரியும். அவன்கிட்ட சொன்னா 'சரிப்பா, சரிப்பா'ம்பான், காதுல போட்டுக்க மாட்டான். நாலு குச்சி நட்டு ஒரு கயிறு கட்டிடும்மா. அவ்வளவுதான்."

"அவன் பத்து மணிக்குத்தானே வர்றான்? காலையில முதல் வேலையா கட்டிடறேன்."

காலையில் முதல் வேலையாக நான் பன் சுட்டேன். அந்த நாளுக்குரிய சிலுவை போட்ட பன், கீத்துக்காகத்தான். மாவு சீக்கிரம் உப்பவில்லை. நானும் அடுப்பைவிட்டு நகரவில்லை. ஒன்பதரைக்குத் தோட்டத்தை நெருங்கும்போதே மெஷின் சத்தம் கேட்டது. அவன் எட்டுக்கே வந்துவிட்டான். மற்ற இடமெல்லாம் உழுது முடித்து, தண்ணீர்த் தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தான்.

கத்தினேன். கையில் பன் கூடையோடு ஓடிக்கொண்டே கத்தினேன். அவன் சந்தோஷமாகக் கையை ஆட்டினான்.

நான் போய்ச் சேர்ந்தபோது மண்ணில் வெள்ளை வெள்ளையாக வேர்த்துண்டுகள் கிடந்தன. மெஷினை நிறுத்திவிட்டு நெற்றியைத் துடைத்தான்.

"இந்த மூலையில ஒரே வேரு, பிரெண்டா. நல்லவேளை மெஷின் இருந்துச்சு. அப்பா பார்த்தா என்ன சொல்வாரு?"

அவன் உள்ளங்கை இரண்டும் கொப்பளித்திருந்தன. தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன? பன்னை எடுத்துக் கொடுத்தேன். தின்றுவிட்டு உருளைக்கிழங்கு நட ஆரம்பித்தான், பெரிய வெள்ளிக்கு எல்லோரும் நடுவதுபோல. அந்த மூலையிலும் இரண்டு வரிசை நட்டான். நான் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் வில்ஃப் கேட்ட முதல் கேள்வி, "குச்சி நட்டியா?"

"நட்டேன்."

அவர் கண்ணை மூடித் தலையணையில் சாய்ந்தார். அதன்பிறகு ஒவ்வொரு முறை போகும்போதும் குருத்து எத்தனை விரல் உயரம் என்று கேட்பார். "இன்னும் குளிர் விடலையே" என்பேன். ஒரு பொய் சொன்னவளுக்கு அடுத்தது தானாக வருகிறது.

மே நடுவில் வீட்டுக்கு விட்டார்கள். கீத் அவரைச் சக்கர நாற்காலியில் நேராகத் தோட்டத்துக்குத்தான் தள்ளிக்கொண்டு வந்தான். உருளைச் செடிகள் முழங்கால் உயரம் நின்றன. வில்ஃப் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் தலைகுனிந்தேன்.

"எப்படிப்பா இருக்கு?" என்றான் கீத்.

வில்ஃப் உருளை வரிசையை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை பார்த்தார். "வரிசை நேரா இருக்குடா."

கீத்தின் முகம் சிவந்துபோனது. அப்பா வாயிலிருந்து இப்படி ஒரு சொல் அவன் கேட்டதில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் குனிந்து, உருளைச் செடிகளுக்கு நடுவிலிருந்து எதையோ பிடுங்கினான். பின்னல் ஊசி அளவு பச்சைக் குருத்து. வெட்டுப்பட்ட ஏதோ ஒரு வேர் எப்படியோ பிழைத்திருக்கிறது.

"பாருங்க, அதுக்குள்ள களை!" என்று எறியப் போனான்.

"இங்க குடு."

வில்ஃப் அதை வாங்கி, கால்சட்டையில் மண்ணைத் துடைத்து, இரண்டாக ஒடித்தார். ஒரு பாதியை வாயில் போட்டுக்கொண்டார்.

"ஐயோ அப்பா, களையப் போய்த் திங்கறீங்களே!"

"நல்ல களைடா" என்றவர், மறு பாதியை என்னிடம் நீட்டினார்.