ஏகப்பன் ஊற்றிய தண்ணீர்

ஏகப்பனுக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோய்ச் செடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருகிற ஆள். கண்டனூரில் சீதாலட்சுமி ஆச்சியின் வீட்டுத் தோட்டம் அவன் பொறுப்பு. ஊருணித் தண்ணீரைக் குடங்குடமாய்ச் சுமந்தே அந்தக் காய்ந்த செம்மண்ணில் கமுகு வளர்த்துக் காட்டியவன். அந்தப் பக்கத்தில் தோட்டக்காரனின் பேரே அவன் சுமக்கிற குடத்தில்தானே இருக்கிறது!

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தோராம் வருஷம் ஆச்சி கொடைக்கானலில் ஒரு பங்களா வாங்கினார். கண்டனூர் வீட்டைப் போலவே அங்கும் வாசலில் இரண்டு, கூடத்துத் தொட்டியில் ஒன்று, ஆக மூன்று பனைச்சாதி மரங்கள் நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். மூன்றும் வேர் பிடித்துப் புதுக் குருத்து விட்ட அன்றே ஏகப்பன் ஊர் திரும்பிவிடலாம் என்பது பேச்சு. அவன் மனைவி ராமுத்தாய்க்கு அப்போது ஐந்து மாதம். பிரசவத்துக்குள் வந்துவிடலாம் என்று அவனும் லாரியில் ஏறிவிட்டான்.

ஏறினானே தவிர, எந்த மரம் எந்தச் சீமைக்கு ஆகும் என்று யோசித்தானா? இல்லை. கண்டனூரிலிருந்து இரண்டு கமுகையும் ரங்கூனிலிருந்து வந்த ஒரு தொட்டிப் பனையையும் கொண்டுபோனான். மலைக் குளிரில் ஒரே மாதத்தில் மூன்றும் கருகிப்போயின. ஏரிப் பக்கம் நாற்றுப்பண்ணையில் வேலை பார்த்த இராமு வந்து பார்த்துச் சிரித்தான். வெயில் குடித்து வளர்ந்ததை இங்கே கொண்டுவந்தால் நடுங்கிச் சாகாமல் என்ன செய்யும் என்று கேட்டான்.

இராமுதான் அவனைப் பண்ணைக்குக் கூட்டிப்போனான். வாசலுக்குச் சீனத்துப் பனையைக் காட்டினான். தண்டு முழுக்க நார் சுற்றி, கம்பளி போர்த்திய கிழவனைப் போல நிற்கும். உறைபனி விழுந்தாலும் அசையாது. கூடத்துக்கு, வெளிச்சம் குறைந்தாலும் கோபித்துக்கொள்ளாத மெல்லிலைப் பனை ஒன்று. அதை ஜன்னலோரம் வைக்க வேண்டும்; கணப்பு அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தால் நுனி கருகிவிடும். ஏகப்பன் நெட்டையானவற்றை விட்டுவிட்டு, குட்டையாய்த் தூர் பருத்தவற்றைத் தேடினான். நடுக்குருத்தை விரலால் அசைத்துப் பார்த்து, உறுதியாய் நின்றதை மட்டும் எடுத்தான். தேர்ந்தெடுத்ததில் ஒரு குற்றம் சொல்ல முடியாது.

குற்றம் அதற்குப் பிறகு வந்தது. காலையில் ஒரு குடம், மாலையில் ஒரு குடம். இடையில் கை சும்மா இருக்காமல் இன்னொரு செம்பு. இருபது நாளில் கூடத்துப் பனையின் குருத்து அழுகிக் கையோடு வந்தது. வாசலில் ஒன்று சாய்ந்தது. வேறு வாங்கி வைத்தான், அதுவும் போயிற்று. ராமுத்தாய்க்கு ஏழு மாதம் என்று கார்டு வந்தது. தண்ணீரைக் கூட்டினான். ஒன்பது மாதம் என்று வந்தது. இன்னும் கூட்டினான். மார்கழியில் பெண் குழந்தை பிறந்திருக்கிறது என்று வந்த கார்டை இராமு படித்துக் காட்டியபோது, வாசலில், பண்ணையில் வாங்கியதில் ஏழாவது கன்று மஞ்சளடித்துக்கொண்டிருந்தது. சாபம் விழுந்த மண் என்று தரையை மிதித்துத் திட்டினான். அன்றிரவு அவனுக்குத் தூக்கமே இல்லை.

கடைசியாக மூன்று கன்றுகளை நட்ட மறுநாள் குளிர்காய்ச்சல் அவனைச் சாய்த்தது. இருபத்தைந்து நாள் இராமு வீட்டில் கிடந்தான். தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் பங்களா பூட்டியே கிடந்தது. கிடந்த கிடையிலும், தண்ணி ஊத்தணும், தண்ணி ஊத்தணும் என்று பிதற்றினானாம். எழுந்து நடக்க முடிந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டே பங்களாவுக்குப் போனான். மூன்றும் செத்திருக்கும் என்றே நினைத்துப் போனான். வாசலிலும் கூடத்துத் தொட்டியிலும் மண் மேலாகக் காய்ந்து கிடந்தது. அதற்கு நடுவே மூன்றிலும் பச்சைக் குருத்து நிமிர்ந்து நின்றது.

ஏகப்பன் தரையில் உட்கார்ந்துவிட்டான். சந்தோஷம் வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது, தன் கையின் மேலேயே. இந்தக் குளிரில் மண் தண்ணீரைக் குடிக்க எட்டு நாள் எடுத்துக்கொள்ளும் என்பது இத்தனை கன்றைக் கொன்ற பிறகா தெரிய வேண்டும்! அதன்பின், ஆச்சி வந்து கண்ணால் பார்த்து விடை கொடுக்கும்வரை குடத்தைத் தொடாமல் இருக்க அவன் பட்ட பாடு காய்ச்சலில்கூடப் படவில்லை. கை பரபரத்தால் எழுந்து ஏரியைச் சுற்றப் போய்விடுவான்.

சித்திரையில் ஆச்சி வந்தார். விரிந்து நின்ற மூன்றையும் சுற்றிச் சுற்றிப் பார்த்துப் பூரித்துப்போனார். இந்தக் கைப்பக்குவம் வேறு யாருக்கு வரும், இன்னும் ரெண்டு வருஷம் இங்கேயே இருந்து பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டார்.

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தால் ஏகப்பன் இத்தனை வருஷம் சுமந்து சேர்த்த பேர் போய்விடும். திறக்காவிட்டால் பிள்ளை முகம் பார்க்க இன்னும் ரெண்டு வருஷம்.

"இதுக்கு முன்னாடி பண்ணையில வாங்குன ஏழும் என் கையாலதான் செத்துச்சு ஆச்சி," என்றான். "ஊருக்குப் போற அவசரத்துல ஊத்தி ஊத்தியே அழுக வச்சுட்டேன். நான் காய்ச்சல்ல கெடந்தப்பத்தான் இதுக பொழைச்சுச்சு. நான் இங்குட்டு இருந்தா என்னைக்காவது திரும்பவும் ஊத்திருவேன். என்னைய அனுப்புனீகன்னா இதுக நிக்கும்."

ஆச்சி குழந்தைக்கு என்ன பேர் வைத்திருக்கிறார்கள் என்று மட்டும் கேட்டார்.

"இன்னும் வைக்கல ஆச்சி. நான் வந்துதான் வைக்கணுமின்னு ராமுத்தாய் புடிவாதமா இருக்காளாம்."

ஆச்சி தன்னோடு வந்திருந்த சமையல்காரரைக் கூப்பிட்டு, கீழே இறங்குகிற பஸ் காலையில் எத்தனை மணிக்கு என்று கேட்டார்.