உவமைக்குப் பல் பார்த்தேன்

மாடு பிடிப்பதில் என்னை ஏமாற்றியவன் இன்னும் பிறக்கவில்லை. தற்பெருமை என்று நினைத்தால் கேரள எல்லையில் எங்கள் மீனாட்சிபுரத்தில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு மாட்டுத் தரகனானவன் நான். இன்றைக்கு எங்கள் பக்கத்தில் பால் கறக்கிற வீடுகளில் பாதிக்கு மேல் நான் கைகாட்டிய மாடுதான் நிற்கிறது. மாடி வீடு, தென்னந்தோப்பு, மகளின் கல்யாணம் எல்லாம் இந்த இரண்டு கண்ணும் ஒரு துண்டும் சம்பாதித்தவை. துண்டு என்றால், சந்தையில் விலை பேசும்போது இரண்டு பேர் கையையும் மூடுகிற துண்டு. அதற்கடியில் விரலைப் பிடித்துத்தான் விலை சொல்வோம். வாய் மட்டும் மேலே வேறு எதையாவது பேசிக்கொண்டிருக்கும்.

அந்த வாய் பேசுவதெல்லாம் உவமைதான். அதற்கு உவமை என்று பெயர் இருப்பது எனக்கு அறுபது வயதுக்கு மேல்தான் தெரிந்தது. விற்கிறவன் வந்து மாடு குழந்தை மாதிரி என்பான். நான் நேராகப் பின்னங்காலைத்தான் பார்ப்பேன், உதைக்கிற மாடாக இருக்கும். மயில் மாதிரி நடக்கும் என்றால் முன்னங்காலில் வீக்கம். காமதேனு என்று ஒருவன் சொல்லிவிட்டால் போதும், நாலு காம்பில் ஒன்று அடைத்திருக்கும். பல் முத்து மாதிரி என்று தானாகவே பல்லைப் பற்றிப் பேச ஆரம்பிக்கிறவன் மாட்டின் வயதை மறைக்கிறான். நான் வாயைத் திறந்து பல்லைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வேன். இந்தக் கணக்கு எனக்குத் தப்பியதே இல்லை.

இப்படிப்பட்ட நான் பரீட்சையில் தோற்றேன்.

ஏழாம் வகுப்புக்குச் சமமான பரீட்சை அது. துல்யதா என்று மலையாளத்தில் சொல்வார்கள். பெரியவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை தோறும் பள்ளிக்கூடத்தில் வகுப்பு நடக்கும், தமிழிலும் எழுதலாம். பால் சொசைட்டிக் கூட்டத்தில் ஒரு ஆள், என் வயதுக்காரர்தான், நான் ஏதோ சொல்ல எழுந்தபோது, “படிச்சவங்க பேசட்டுமுங்க, நீங்க உக்காருங்க” என்றார். நாலு பேர் சிரித்தார்கள். அந்த வாரமே போய்ச் சேர்ந்தேன். துணைக்கு என் மனைவியையும் இழுத்துக்கொண்டு போனேன். ஜெயித்துக் காட்டுகிறேன் என்று சொசைட்டியிலும் டீக்கடையிலும் சந்தையிலும் சொல்லியும் வைத்தேன். முடிவு வந்தபோது அவள் எல்லாவற்றிலும் தேறியிருந்தாள். எனக்குக் கணக்கில் நல்ல மார்க். தமிழில் போய்விட்டது. தாய்மொழியில் தோற்றவன் என்று அந்த ஆள் டீக்கடையில் சொன்னதாகக் காதுக்கு வந்தது. மறுபடி எழுத ஒரு வாய்ப்பு இருந்தது. அதிலும் போனால் பிறகு எந்தக் கூட்டத்திலும் நான் எழுந்து நிற்க முடியாது. அது எனக்குத் தெரியும், ஊருக்கும் தெரியும்.

எங்கே போயிற்று என்று பார்க்க டீச்சர் எனக்குத் தனியாக மாதிரிக் கேள்விகள் கொடுத்தார். சித்தூர்ப் பக்கத்துப் பெண், என் மகள் வயது, பொறுமைசாலி. ஒரு பத்தியைக் கொடுத்து, படித்துவிட்டுக் கேள்விக்குப் பதில் எழுதச் சொல்வார். சிலேடையெல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. சந்தையில் ஒரு சொல்லை இரண்டு வேலை வாங்கிப் பழகியவன் நான். அடி வாங்கியது உவமையில்தான். மாதிரி என்ற சொல் இல்லாவிட்டால் அது உருவகம் என்று டீச்சர் தனிப் பெயர் சொல்வார், எனக்கு எல்லாம் உவமைதான்.

ஒரு பத்தியில், எங்கள் ஊருக்குக் கண் இந்தக் குளம் என்று எழுதியிருந்தது. ஆசிரியர் குளத்தை ஏன் கண் என்கிறார் என்பது கேள்வி. நான் எழுதினேன்: குளத்தில் ஏதோ கோளாறு இருக்கிறது. கண் என்று சொல்லித் திசை திருப்புகிறார். பாசி படர்ந்திருக்கும் அல்லது மதகு உடைந்திருக்கும். நேரில் போய்ப் பார்க்காமல் குத்தகைக்கு எடுக்கக் கூடாது.

இன்னொன்றில் ஒரு பெண்ணின் சிரிப்பு முல்லைப்பூ என்றிருந்தது. கட்டுப்பல்லாக இருக்கலாம் என்று எழுதினேன்.

டீச்சர் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. பிறகு திரும்பி, உவமை என்பது அழகுக்காகச் சொல்வது என்றார். எனக்கு அது சரிப்படவில்லை. அழகு என்றால் யாருக்கு? இல்லாத ஒன்றைச் சொல்லி யாருக்கு என்ன லாபம்? குளம் கண் இல்லை என்பது எழுதியவனுக்கும் தெரியும், படிக்கிறவனுக்கும் தெரியும். தெரிந்தும் ஒருவன் சொல்கிறான், இன்னொருவன் தலையாட்டுகிறான் என்றால் நடுவில் ஏதோ ஒரு பொருள் கைமாறுகிறது. அது என்ன பொருள்? இந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. டீக்கடையில் கேட்டேன், பால் வண்டிக்காரரைக் கேட்டேன். சர்க்கரை கம்மியாகப் போட்ட டீதான் வந்தது, பதில் வரவில்லை. கடைசியில் மனைவியைக் கேட்டேன்.

“ஏனுங்க, உங்களுக்கு வாயத் தொறந்தா எல்லாமே விக்கறதுக்குத்தானா?” என்றாள்.

“பின்ன சும்மா எதுக்குச் சொல்றாங்க?”

“சும்மா இருக்க முடியாமச் சொல்றாங்க” என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தவிடு கரைக்கப் போய்விட்டாள். ஜெயித்தவள், அவ்வளவுதான் சொல்வாள்.

அந்தச் சமயத்தில்தான் எலப்புள்ளியில் ஒரு மாடு விலைக்கு இருப்பதாகச் சொன்னார்கள். போனேன். பனைமரங்களுக்கு நடுவே ஓட்டு வீடு. வீட்டுக்காரர் மனைவியை இழந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. மகள் மலைமேல் சித்திரபுரத்தில் மின்சார வாரியக் குடியிருப்பில் இருக்கிறாள், அங்கேயே வந்துவிடச் சொல்கிறாள். அந்தக் குளிரில், அந்தக் குவார்ட்டர்ஸில் மாட்டை எங்கே கட்டுவது? அதனால் விற்கிறார். சந்தன நிறத்தில் கலப்பின மாடு. அவர் பாலைப் பற்றிப் பேசவில்லை. குழந்தை என்றும் சொல்லவில்லை, காமதேனு என்றும் சொல்லவில்லை. மாட்டின் முதுகில் கையை வைத்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

“இது எங்க ஊட்டுக் கெடிகாரமுங்க.”

நான் ஆடிப்போய்விட்டேன். இத்தனை வருஷத்தில் மாட்டைக் கடிகாரம் என்று சொன்ன ஆளை நான் பார்த்ததில்லை. புதுச் சரக்கு. கடிகாரத்தில் என்ன கோளாறு வரும்? நேரம் தவறினால் பால் இறக்காத மாடோ? ஒரே இடத்தில் நின்று தலையை ஆட்டிக்கொண்டே இருக்கிற வியாதியோ? பல்லைப் பார்த்தேன், சரியான வயது. சுழி சுத்தம். மடியைத் தொட்டேன், காம்பு நாலும் பஞ்சு. நடத்திப் பார்த்தேன், படுக்க வைத்து எழுப்பிப் பார்த்தேன். சாயங்காலக் கறவையும் பார்த்தேன். ஒரு குறையும் அகப்படவில்லை. குறை அகப்படாவிட்டால் எனக்குப் பயம் வந்துவிடும்.

காலைக் கறவையும் பார்க்காமல் நான் மாடு பிடிப்பதில்லை. மறுநாள் விடிவெள்ளி முளைத்திருக்கும்போதே போய் வேலியோரம் நின்றேன். அவருக்குச் சொல்லாமல்தான் போனேன், சொல்லிவிட்டுப் போனால் மாட்டைத் தயார் செய்துவிடுவார்கள். வீடு இருட்டாகக் கிடந்தது. கொஞ்ச நேரத்தில் மாடு ஒரு தடவை கத்தியது. வீட்டுக்குள் அசைவில்லை. மறுபடி நீளமாக ஒரு தடவை. உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. விளக்கு எரிந்தது. இருமல், பிறகு பாத்திரச் சத்தம், பிறகு அடுப்புப் புகை.

நான் உள்ளே போய்த் திண்டாட்டத்தை மறைக்காமல் கேட்டுவிட்டேன். மாட்டில் எல்லாம் சரி, கெடிகாரம் என்றீர்களே, அதில் என்ன கோளாறு என்று.

அவர் மாட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “மாட்டுல ஒண்ணுமில்லீங்க. அவ போனதுக்கப்பறம் இந்த ஊட்டுல என்னைய எந்திரிக்கச் சொல்றதுக்கு வேற யாருமில்லீங்க.”

விலையைத் துண்டு போடாமலே பேசினோம். எனக்கென்றே பிடித்துக்கொண்டேன்.

வண்டியில் மாட்டை ஏற்றிக்கொண்டு வரும்போது வழியெல்லாம் யோசித்தேன். கெடிகாரம் என்ற சொல்லை வைத்துக்கொண்டு நான் மாட்டின் வாயைப் பிளந்து பார்த்திருக்கிறேன். அந்தச் சொல் மாட்டைப் பற்றியதே இல்லை. அவர் தன் வீட்டை எனக்குத் திறந்து காட்டியிருக்கிறார். கைமாறுகிற பொருள் இதுதானா? அப்படியானால் குளத்தைக் கண் என்றவன் குளத்தைப் பற்றி எதையும் மறைக்கவில்லை. அது வற்றினால் தன் ஊருக்கு என்ன ஆகும் என்று தன் பயத்தைச் சொல்லியிருக்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் இதை நான் கண்டுபிடித்ததாக டீச்சரிடம் சொன்னேன். “இதத்தானுங்க ஐயா இத்தனை நாளா நான் சொல்லிட்டிருக்கேன்” என்றார். சொல்லியிருக்கலாம். அவர் சொன்னபோது பக்கத்தில் மாடு இல்லையே.

ஆனால் எனக்கு இன்னொரு சந்தேகம் வந்தது. சந்தையில் காமதேனு என்கிறவன் இன்னும் விற்கத்தான் செய்கிறான். எலப்புள்ளிக்காரர் சொன்னதும் உவமைதான். எது விற்கிற வாய், எது திறந்து காட்டுகிற வாய் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நேரில் என்றால் எனக்கு வழி தெரியும். விற்கிறவன் உவமையைச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்ப்பான், விழுந்துவிட்டேனா என்று. எலப்புள்ளிக்காரர் மாட்டைத்தான் பார்த்தார். காகிதத்தில் கண் இல்லையே, என்ன செய்வது?

டீச்சரிடமே கேட்டேன். “அந்த வரிக்கு முன்வரியும் பின்வரியும் பாருங்க. அதுதான் அதோட மொகம்” என்றார். நல்ல தரகர் ஆகியிருக்க வேண்டிய பெண்.

அதற்குப் பிறகு விடிவதற்கு முன்னால் கெடிகாரம் கத்தும்போதெல்லாம் எழுந்து படித்தேன். மனைவி எதிரே உட்கார்ந்து பத்தியை வாசிப்பாள். நான் சொல்கிறவனின் முகத்தைத் தேடுவேன். சில சமயம் அவளுக்குத் தெரியாததைக்கூட நான் சொல்லியிருக்கிறேன். அவள் ஒத்துக்கொள்ள மாட்டாள்.

பரீட்சையில் வந்த பத்தி தேயிலைத் தோட்டத்துப் பெண் ஒருத்தியைப் பற்றியது. கல்யாணமாகிக் கீழே சமவெளியிலிருந்து மலைக்கு வந்தவள். மலைதான் எனக்கு மாமியார் என்கிறாள். ஏன் அப்படிச் சொல்கிறாள், உங்கள் சொந்த வார்த்தையில் எழுதுங்கள் என்று கேள்வி. பழைய ஆளாக இருந்தால் மலை விற்பனைக்கு இருக்கிறது என்று எழுதியிருப்பேன். முன்வரியைப் பார்த்தேன்: விடியும் முன்பே பனியில் நிற்க வேண்டும் என்றிருந்தது. பின்வரியைப் பார்த்தேன்: பிறந்த ஊருக்குப் போனால் இரண்டு நாளில் மலை ஞாபகம் வந்துவிடும் என்றிருந்தது. எழுதினேன்: மலை அவளை வேலை வாங்குகிறது, எப்போதும் பார்த்துக்கொண்டே இருக்கிறது. சோறும் அதுதான் போடுகிறது. அவள் அதைத் திட்டுவாள், ஆனால் வேறு யாரும் திட்ட விடமாட்டாள். என் மனைவி என் அம்மாவிடம் இருந்த விதத்தை வைத்துத்தான் எழுதினேன்.

தேறிவிட்டேன். மனைவியைவிட மார்க் கம்மிதான். அவள் எழுதியபோது கேள்வித்தாள் சுலபம்.

முடிவு வந்த பிறகு நடந்த சொசைட்டிக் கூட்டத்தில் நான் எழுந்து நின்றேன். தீவன விலை பற்றி நான்கு வார்த்தை பேசினேன், ஒருவரும் உட்காரச் சொல்லவில்லை. கூட்டம் முடிந்து வெளியே வரும்போது அந்த ஆள், என்னை உட்காரச் சொன்னவர், வேகமாக வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

“நீங்க சிங்கமுங்க” என்றார்.

நான் அவர் கண் எங்கே இருக்கிறது என்று பார்த்தேன். நேராக என் முகத்தில் இருந்தது.

“மாடு எங்கீங்க கட்டியிருக்குது?” என்று கேட்டேன்.

சொசைட்டிக்குப் பின்னால், வேப்பமரத்தில் கட்டியிருந்தார். முன்னங்காலில் லேசான வீக்கம்.