நூற்றொன்றால் வகுத்தாயா?

அண்ணே, நீ என்னிடம் பொய் சொன்னாய்.

நீ என் பெரியப்பா மகன், என்னைவிடச் சில மாதம் மூத்தவன். மலேசியாவில், கோலா கெத்தில் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் ஒரே லயத்தில் வளர்ந்தோம். எழுபதுகளின் கடைசியில் இருவரும் ஐந்தாம் படிவம், பதினேழு வயது. டவுனில் மாதா கோவில் இளைஞர்கள் கணக்குப் போட்டி வைத்தார்கள். கேள்வியை முன்கூட்டியே கொடுத்துவிட்டார்கள். பத்து லட்சத்து ஒன்று பகா எண்ணா? அதாவது ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதனாலும் மீதியில்லாமல் வகுபடாத எண்ணா? ஜோடியாகச் சேரலாம், ஒருவர் மேடையில் பதில் சொல்ல வேண்டும். நான் சொல்வதாக ஏற்பாடு.

எனக்கு அது விளையாட்டு இல்லை. அதற்கு மேல் ஆறாம் படிவம் படிக்க அனுப்பலாமா என்று அப்பா யோசித்துக்கொண்டிருந்தார். பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு என்று லயமே அவர் காதில் ஓதியது. மேடையில் என்னைப் பார்த்துவிட்டு முடிவு செய்வதாகச் சொன்னார்.

அந்த எண் இரண்டு எண்களின் பெருக்கலாக இருந்தால், அவற்றில் ஒன்று ஆயிரத்துக்குள் இருந்தே ஆக வேண்டும். இரண்டுமே ஆயிரத்தைத் தாண்டினால் விடை பெரிதாகிவிடும். ஆக, ஆயிரத்துக்குள் உள்ள பகா எண்களால் மட்டும் வகுத்துப் பார்த்தால் போதும். அதுவே நூற்றுக்கும் மேல். கால்குலேட்டர் ஏது? பங்கு பிரித்தோம். முந்நூற்றுக்குள் உனக்கு, மிச்சமெல்லாம் எனக்கு. உனக்குப் பந்து விளையாடப் போக வேண்டுமே.

நான் விரல் வலிக்க வகுத்தேன். எதிலும் போகவில்லை. நீ ஒரு தாளைக் காட்டினாய். மூன்று, ஏழு, பதினொன்று, பதின்மூன்று. நாலிலும் மீதி இரண்டு. மற்றது எங்கே என்று கேட்டேன்.

"எல்லாம் பாத்தாச்சு லா. ஒண்ணுலயும் போகல. பயப்படாம ஏறு."

ஏறினேன். பகா எண்தான் என்றேன். நடுவராக வந்த வாத்தியார் கரும்பலகையில் 9901 என்று எழுதி, 101-ஆல் பெருக்கினார். இரண்டே வரி. கூட்டினால் 1000001. நூற்றொன்று உன் பங்கு.

சனம் சிரித்தது. அதைப் பொறுத்துக்கொண்டிருப்பேன். நீ பெஞ்சிலிருந்து எழுந்து சொன்னதைத்தான் இன்றுவரை பொறுக்க முடியவில்லை.

"நான் அப்பவே சொன்னேன், நூத்தியொண்ணுல போகும்னு. இவதான் கேக்கல."

லயத்துக்கு வந்ததும் அப்பா முடிவைச் சொன்னார். "போதும்மா. இனிமே அம்மாகூட பால் வெட்டப் போ."

நீ ஆறாம் படிவம் போனாய். வாத்தியார் ஆனாய், அதுவும் கணக்கு வாத்தியார். இப்போது ஒவ்வொரு திருவிழா விருந்திலும் மைக்கைப் பிடித்து, தங்கச்சி மேடையில் உளறிய கதையைச் சொல்லிச் சிரிக்க வைக்கிறாய்.

இந்த வருடமும் மைக் உன்னிடம்தான் வரும். நான் முன்வரிசையில் உட்காருவேன். நூற்றொன்றால் வகுத்தாயா, இல்லையா? வகுக்கவில்லை என்றால், செய்யாத வேலையைச் செய்ததாகச் சொல்லி என்னை ஏற்றிவிட்டாய். வகுத்தாய் என்றால், தெரிந்தே ஏற்றிவிட்டாய். எது என்று அந்த மைக்கிலேயே, எல்லார் முன்னாலும் சொல்.