அரிசி மூட்டைக்கு என்று வாங்கிய சில்லு

எங்கள் சைக்கிளின் பின் சில்லு முதல் தடவை நெளிந்தபோது நான் கரியரில் இருந்தேன். மருதமுனையில் நான் படிப்பித்த பள்ளிக்கூடத்தின் வாசல் கண்ணுக்குத் தெரிகிற தூரம். கம்பிகள் ஒவ்வொன்றாகத் தெறிக்கிற சத்தம் கேட்டது. சைக்கிள் ஒரு பக்கமாகச் சரிந்தது. என் கணவர் காலை ஊன்றி எப்படியோ நிறுத்திவிட்டார். நான் சேலையைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். சில்லு கோணிப்போய் இரும்பில் உரசிக்கொண்டு நின்றது. ரோட்டோரமாகப் போய்க்கொண்டிருந்த என் வகுப்புப் பிள்ளைகள் நின்று பார்த்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"நீ போ புள்ள, பெல் அடிச்சிரும்" என்றார் அவர்.

பிறகு சைக்கிளின் பின்பக்கத்தைக் கையால் தூக்கிப் பிடித்து, முன் சில்லை மட்டும் உருட்டிக்கொண்டு கல்முனைப் பக்கம் திரும்பி நடந்தார். அவ்வளவு தூரமும் அப்படியே போவார் என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் நான் வகுப்புக்குள் போனேன்.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி, யுத்த காலம். எங்கள் வீடு கல்முனைக்குடியில். உம்மா எனக்குச் சீதனமாகத் தந்த வீடு. எங்கள் ஊர் வழக்கப்படி கலியாணத்தோடு அவர்தான் எங்கள் வீட்டுக்கு வந்தார். கல்முனைக் கடைத்தெருவில் அவருக்கு ஒரு சின்னத் தையல் கடை இருந்தது. எனக்கு வேலை மருதமுனையில். பஸ் இருந்தது, ஆனால் அதை நம்பிப் புறப்பட முடியாது. ஒரு நாள் சுற்றிவளைப்பு, இன்னொரு நாள் ஹர்த்தால், மற்ற நாட்களில் காரணமே தெரியாது. அதனால் காலையில் அவர் என்னைக் கரியரில் ஏற்றிக்கொண்டு பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுத் திரும்பி வந்து கடை திறப்பார். பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் கடையைப் பூட்டிவிட்டு மறுபடி வருவார்.

அவர் மெலிந்த மனிதர். தான் தைத்த சட்டையே தனக்குத் தொளதொளவென்று இருக்கும். நான் அப்படியில்லை. இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு நன்றாகவே பெருத்துவிட்டேன். பிள்ளைப்பேற்றுச் சாப்பாடு அப்படித்தான் என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். அதற்கு முன்பும் நான் மெலிந்திருந்ததில்லை என்பது எனக்குத் தெரியும். அவர் காலையில் என்னை ஏற்றிக்கொண்டு சைக்கிள் மிதிப்பார். பகல் முழுக்கத் தையல் மெஷின் மிதிப்பார். பின்னேரம் மறுபடி சைக்கிள். அந்தக் கால்களுக்கு ஓய்வு என்று ஒன்று இருந்ததென்றால் அது தொழுகையில் இருக்கிற நேரம்தான்.

வழியில் ஒரு சென்றி, சோதனைக் காவலரண், இருந்தது. அந்த இடத்தில் எல்லோரும் இறங்கி, சைக்கிளை உருட்டிக்கொண்டு, அடையாள அட்டையைக் காட்டிவிட்டுப் போக வேண்டும். மற்றப் பெண்கள் தாண்டியதும் ஓடுகிற சைக்கிளில் ஒரு எட்டில் பாய்ந்து ஏறிவிடுவார்கள். எனக்கு அது வராது. நான் முதலில் ஏறி இருக்க, நின்ற இடத்தில் இருந்தே அவர் மிதித்து எடுக்க வேண்டும். அந்த முதல் மிதிக்கு அவர் எழும்பி நின்று முழு உடம்பையும் போடுவார். முதுகில் சட்டை ஒட்டிக்கொள்ளும். அவருடைய மூச்சுச் சத்தம் கேட்காமல் இருப்பதற்காக நான் வேறு பக்கம் பார்த்து ஏதாவது கதைப்பேன். காவலுக்கு நிற்கிறவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

சில்லை அவர் முதலில் பழுதுதான் பார்த்தார். தெறித்த கம்பிகளை மாற்றி, நெளிவு எடுத்து, அடுத்த நாளே வந்துவிட்டார். ஒரு மாதம் போகவில்லை, மறுபடியும் தெறித்தது. மறுபடியும் மாற்றினார். மூன்றாவது தடவை நான் சொன்னேன்.

"இஞ்சாருங்க, நான் நடந்து போறன். விடியவே வெளிக்கிட்டாச் சரிதானே."

"தனிய நடந்து சென்றியத் தாண்டிப் போகப் போறியோ? பேசாம இரி புள்ள. சில்லத்தான் மாத்தணும்."

இரண்டு நாள் கழித்துப் புதுச் சில்லோடு வந்தார். அவ்வளவு சந்தோசமாக அவரை நான் அதிகம் கண்டதில்லை. சைக்கிளை முற்றத்தில் கவிழ்த்து வைத்துச் சில்லைச் சுழற்றிக் காட்டினார். அது ஆடாமல் நெளியாமல் சுழன்றது. பிள்ளைகள் இரண்டு பேரும் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்தார்கள்.

"மூணு மாதிரி காட்டினாரு சைக்கிள் கடக் காக்கா" என்றார், கடைக்காரரை அண்ணன் முறை வைத்து. "ஒண்டு பளபளண்டு அலுமினியம். பார்க்க வடிவுதான், கையில எடுத்தா பாரமே இல்ல. பொடியன்மார் ஓடுறதுக்குச் சரி, பாரம் ஏத்த ஏலா எண்டாரு. மற்றது நம்மட பழசப் போல சாதாரண இரும்பு. இது மூணாவது. மீன் பெட்டி கட்டி ஓடுறவங்க கேட்டு வாங்கிற சாமான்."

ரிம் தடித்த இரும்பு. கம்பிகளும் தடித்தவை. கம்பியும் கம்பியும் குறுக்கே வெட்டிப் போகிற இடங்களை மெல்லிய கம்பியால் சுற்றி ஈயம் வைத்து இறுக்கியிருந்தது. அவர் ஒரு கம்பியை விரலால் சுண்டினார். பிறகு அடுத்தது, அதற்கு அடுத்தது. எல்லாம் ஒரே மாதிரி 'டிங்' என்றது.

"கேட்டியா? எல்லாம் ஒரே இறுக்கம். சில்லு உடையிறது ரிம்மால இல்லயாம், கம்பியாலதானாம். ஒண்டு லூசா இருந்தா அதுட பாரமும் பக்கத்துக் கம்பிக்குப் போகும். அது தெறிக்கும். மறுகா மத்ததும் தெறிக்கும். டயரும் அகலமானது போட்டிரிக்கன். காத்த மட்டும் குறைய விடாம வச்சிக்கணும்."

நான் "நல்லம்" என்றேன். உம்மாவும் வந்து பார்த்துவிட்டு நல்ல சாமான் என்றார். என் கணவர் சொன்ன ஒவ்வொன்றும், ரிம்மின் தடிப்பும் கம்பியின் தடிப்பும் ஈயமும் அகல டயரும், என் உடம்பை யாரோ அளவுநாடாவால் அளந்து எழுதுவது போல எனக்குக் கேட்டது. அவர் அப்படி ஒன்றும் நினைக்கவில்லை. வேலைக்கு ஏற்ற சாமானைக் கண்டுபிடித்துவிட்ட சந்தோசம் மட்டும்தான் அவர் முகத்தில் இருந்தது.

புதுச் சில்லு பாரமானது. அதையும் சேர்த்து அவர்தானே மிதிக்க வேண்டும் என்பது எனக்குச் சென்றிக்குப் பக்கத்தில் அடுத்த நாள் காலைதான் உறைத்தது. அன்று முதல் மிதியில் சைக்கிள் நகரவில்லை. இரண்டாவது மிதியில்தான் நகர்ந்தது.

பள்ளிக்கூட விடுமுறையில் ஒரு நாள் அவருக்கு உதவியாகக் கடையில் இருந்து பட்டன் தைத்துக்கொண்டிருந்தேன். சைக்கிள் கடைக்காரர் ஒரு காற்சட்டையைக் கொண்டுவந்தார், இடுப்பு இளக்க வேண்டும் என்று. வயதான மனிதர், கதைக்க விருப்பமானவர். என்னைக் கண்டதும் சலாம் சொல்லிவிட்டுக் கேட்டார்.

"எப்படி டீச்சர், அரிசி யாவாரம் போகுதா?"

எனக்கு விளங்கவில்லை. "என்ன யாவாரம் காக்கா?"

"இல்ல, ஒங்கட மாப்புள சொன்னாரே, காலையும் பின்னேரமும் அரிசி மூட்ட ஏத்துறதெண்டு. அதுக்கெண்டுதானே அந்தச் சில்லக் கட்டிக் குடுத்த நான். தாங்குதா?"

நான் என் கணவரைப் பார்த்தேன். மெஷின் நின்றிருந்தது. அவர் தலையைக் குனிந்து ஊசியில் நூல் கோர்க்கிறவர் போல இருந்தார். ஊசியில் ஏற்கெனவே நூல் இருந்தது.

"ஓம் காக்கா, நல்லாத் தாங்குது" என்று நான்தான் பதில் சொன்னேன்.

கடைக்காரர் போன பிறகு அவர் மெஷினை மிதிக்கத் தொடங்கினார். நான் பட்டனைத் தைத்து முடித்தேன். எனக்குக் கோபம் இல்லை. கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். என்னால் அந்த மனிதர் பொய் சொல்ல வேண்டி வந்ததே என்பதுதான் நெஞ்சில் கிடந்து அடித்தது. ஒரு முழம் துணி மிஞ்சினாலும் தைக்கத் தந்தவரைத் தேடிப் போய்க் கொடுத்துவிட்டு வருகிறவர் அவர்.

அந்தக் கிழமையே திங்களும் வியாழனும், கடமையில்லாமல் விரும்பினால் பிடிக்கிற சுன்னத்து நோன்பு பிடிக்கத் தொடங்கினேன். உம்மாவுக்குப் பெரிய சந்தோசம். பக்கத்து வீட்டுப் பெண்கள் "டீச்சர் ரெண்டு புள்ளயும் வேலயுமா இரிந்துக்கிட்டு நோன்பும் புடிக்கிறாங்க" என்று தங்கள் மகள்மாருக்குச் சொல்லிக் காட்டினார்கள். நான் தலையைக் குனிந்துகொள்வேன். என் நிய்யத்து, நோன்புக்கு வைக்கிற எண்ணம், அல்லாஹ்வுக்காக இல்லை. கரியரில் இருக்கிற பாரம் குறைய வேண்டும் என்பதுதான். விடிவதற்கு முன் ஸஹருக்கு எழும்பி ஒரு வாழைப்பழமும் தண்ணியும் எடுத்துவிட்டு, நிய்யத்துச் சொல்லும்போது வாய் தடுமாறும். நோன்பில்லாத நாட்களிலும் பகல் சோற்றைக் கோழிக்குப் போட்டுவிட்டுச் சாப்பிட்டேன் என்று சொன்னேன். ஒரு குற்றத்தைக் குறைக்கப் போய் இன்னும் இரண்டைச் சேர்த்துக்கொண்டேன் என்று அப்போதே எனக்குத் தோன்றியது. ஆனாலும் விடவில்லை. சேலைக்குள் இடுப்பு கொஞ்சம் இளகியது போல இருந்ததும் இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

ஒரு வியாழக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்துகொண்டிருந்தோம். கடும் வெயில். கச்சான் காற்று மண்ணை அள்ளி வீசியது. பாண்டிருப்புக்குள் வந்தபோது ரோட்டின் இரண்டு பக்கமும் வெள்ளையாகத் தெரிந்தது. அவருடைய முதுகைப் பிடிக்கக் கை நீட்டியது நினைவிருக்கிறது. பிடித்தேனா என்று தெரியாது.

கண் விழித்தபோது ஒரு வேலியோரத்து நிழலில் கிடந்தேன். முழங்கை உரிந்து இரத்தம். அவர் என் தலையை மடியில் வைத்துக்கொண்டு என் சேலை முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தார். சைக்கிள் நடு ரோட்டில் கிடந்தது. நெற்றியில் பொட்டு வைத்த ஒரு அம்மா, அந்த வீட்டுக்காரி, செம்பில் தண்ணீரோடு குனிந்து நின்றார். அது தமிழரும் முஸ்லிம்களும் ஒருவர் வீட்டுப் படலைக்குள் ஒருவர் நுழைய யோசிக்கிற காலம். அந்த அம்மா யோசிக்கவில்லை.

"குடிங்க மகள். முகம் வெளிறிப்போய்க் கிடக்கு."

"நோன்பு" என்றார் என் கணவர். "இவ நோன்பு பிடிச்சிரிக்கா."

அந்த அம்மா செம்பைப் பின்னால் எடுத்தார். "ஐயோ, அப்பிடியெண்டா குடிக்கக் கூடாதே" என்றார்.

நான் கையை நீட்டிச் செம்பை வாங்கிக் குடித்தேன். பாதி கழுத்தில் வழிந்தது. என் கணவர் பார்த்துக்கொண்டே இருந்தார். உடம்பு சுகமில்லாவிட்டால் நோன்பை விடலாம் என்று அவருக்கும் தெரியும். ஆனால் நான் குடித்த வேகத்தைப் பார்த்துத்தான் அவருக்கு ஏதோ விளங்கியிருக்க வேண்டும்.

அந்த அம்மா தேத்தண்ணி வைக்க உள்ளே போனதும் என் கணவர் மெல்லக் கேட்டார்.

"என்னத்துக்குப் புள்ள இது?"

"மெலியணும்."

"ஆர் சொன்ன?"

"ஒருத்தரும் சொல்லல்ல. நீங்க அரிசி மூட்டயெண்டு சொன்னீங்களே."

அவர் எழும்பிப் போய்ச் சைக்கிளை ரோட்டில் இருந்து எடுத்து வேலியில் சாய்த்தார். திரும்பி வந்து எனக்குப் பக்கத்தில் மண்ணில் இருந்தார்.

"அந்தாள் கேட்ட, எவ்வளவு பாரம் எண்டு. கடையில நாலு பேர் நிண்டாங்க. நான் என்ன சொல்ற? ஒன்ட நிறையக் கடத்தெருவில வச்சுச் சொல்லச் சொல்றியோ? வாயில அரிசி மூட்டதான் வந்திச்சு. ஒன்ன மூட்டயெண்டு நினச்சிச் சொல்லல்ல. வல்லாஹி, அல்லாஹ் மேல சத்தியமா இல்ல."

"எனக்குத் தெரியும்" என்றேன்.

"தெரிஞ்சா என்னத்துக்குப் பட்டினி கிடந்த? இந்தச் சில்லு நீ ஏறத்தானே வாங்கின? நீ மெலிஞ்சா நான் இத என்ன செய்ற?"

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே இதைச் சொன்னார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. வெல்லம் கடித்துக் குடிக்கத் தந்த தேத்தண்ணியைக் குடித்தோம். அந்த அம்மா என் முழங்கைக்கு மஞ்சள் அரைத்துப் பூசிவிட்டு, வெயில் தாழ்ந்த பிறகுதான் போக விட்டார்.

அதற்குப் பிறகு நான் சாப்பிட்டேன். அவர் முன்னால் இருந்து சாப்பிட வைத்தார். நோன்பை ரமழானுக்கு மட்டும் என்று வைத்துக்கொண்டேன். உம்மாவுக்கு அது கவலை. என்ன காரணம் என்று கடைசிவரை நான் சொல்லவில்லை. சில்லு பிறகு ஒரு நாளும் நெளியவில்லை, ஒரு கம்பிகூடத் தெறிக்கவில்லை. இரண்டு வருசத்துக்குப் பிறகு எனக்குக் கல்முனைக்குடிப் பள்ளிக்கூடத்துக்கே மாற்றம் கிடைத்தது. வீட்டில் இருந்து நடந்து போகிற தூரம். முதல் நாள் காலை நான் குடையோடு ஒழுங்கையில் நடந்தபோது, எத்தனையோ காலத்துக்குப் பிறகு யாருக்கும் கடன்படாத கால்கள் போல என் கால்கள் இருந்தன.

ஆனால் அவருடைய முழங்கால்கள் நாற்பத்தைந்து வயதுக்குள்ளேயே போய்விட்டன. ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த டொக்டர், "தையல் மெஷின் மிதிக்கிறவங்களுக்கு வாறதுதான்" என்றார். அவரும் "ஓம், மெஷின்தான்" என்றார். நான் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்திருந்தேன். இவர் மெஷினை மட்டும் மிதிக்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் என்னைப் பார்த்தார். நான் சொல்லவில்லை.

இப்போது வீட்டில் அவர் கதிரையில் இருந்துதான் தொழுகிறார். நான் பின்னால் நின்று தொழுவேன். எல்லோரும் ஸுஜூதுக்குப் போகிற இடத்தில் அவர் கொஞ்சம் முன்னால் குனிவார், அவ்வளவுதான். நான் நெற்றியை நிலத்தில் வைத்து, அவருக்கும் சேர்த்து, வைக்க வேண்டியதைவிடக் கொஞ்சம் அதிக நேரம் வைத்திருப்பேன்.