கயிறு மாற்றியவன் முதலில் ஏற வேண்டும்

டாக்டர் தனக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தால், அந்தச் சீட்டை இரண்டு மருந்துக் கடைகளில் காட்டி, இரண்டு கடைக்காரர்களும் ஒரே பெயரைத்தான் படிக்கிறார்களா என்று பார்ப்பார். பேருந்தில் ஏறினால் பலகையை நம்பமாட்டார். நடத்துநரிடம் கேட்பார், அப்புறம் பக்கத்தில் இருப்பவரிடமும் கேட்பார். லிஃப்ட் மெக்கானிக் அவர். கூட வேலை பார்ப்பவர்கள் வைத்த பெயர் ‘செக்கிங்’. முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவருக்கும் அதில் உள்ளூரப் பெருமைதான்.

சும்மா சொல்லக்கூடாது, இருபத்தெட்டு வருஷத்தில் அவர் கை வைத்த லிஃப்டில் ஒருவருக்கும் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை. அந்தத் தொழிலில் எழுதி வைக்காத சட்டம் ஒன்று உண்டு. லிஃப்டைத் தாங்கி நிற்கும் இரும்புக் கயிற்றை யார் மாற்றினாரோ அவர்தான் முதலில் ஏற வேண்டும். தனி ஆளாக உச்சி மாடியிலிருந்து தரைத்தளம் வரை போய்த் திரும்பி வந்த பிறகுதான் மற்றவர்களுக்குக் கதவைத் திறக்கலாம். சோம்பேறிகள் மணல் மூட்டையை ஏற்றி அனுப்பிவிட்டுக் கீழே நின்று டீ குடிப்பார்கள். செக்கிங் ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை. செய்தவனோடு பேசியதும் இல்லை.

அவர் குடியிருந்தது ஐந்தாம் மாடி. அந்தக் கட்டட லிஃப்டும் அவர் பொறுப்பில்தான் இருந்தது. பிள்ளை குட்டி இல்லை. அவரும் மனைவியும் மட்டும். அந்த மனைவிக்குத்தான் வயிற்றில் புற்று வந்தது. அறுத்துப் பார்த்த ஆஸ்பத்திரி, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டது. முன் அறையில் ஜன்னலோரமாகக் கட்டிலைப் போட்டார். முதல் மாதம் முழுக்க அவள் சுவரைப் பார்த்தபடி கிடந்தாள். எதற்குப் பிறந்தேன், என்ன செய்து கிழித்தேன் என்று தனக்குத்தானே பேசிக்கொள்வாள்.

அப்போதுதான் தையல்காரம்மா வந்து சேர்ந்தார். தெருமுனையில் ஒற்றை மிஷின் போட்டுத் தைப்பவர். அவள் உடம்பு இளைக்க இளைக்கச் சட்டையை உள்ளே பிடிக்கச் சொல்லி அவரிடம்தான் அனுப்புவார்கள். மூன்றாவது தடவையும் அதே சட்டை வந்ததும் அந்தம்மா ஊசியைக் கீழே வைத்துவிட்டு, யாருக்கு என்ன என்று விசாரித்துக்கொண்டு நேரே ஐந்தாம் மாடிக்கு வந்துவிட்டார். அதிலிருந்து ஒவ்வொரு வியாழக்கிழமையும் நாலு மணிக்கு வருவார். வேதம் வாசிப்பார், ஜெபம் பண்ணுவார், ஒரு மணி நேரத்தில் போய்விடுவார்.

காசு வாங்கவில்லை. டீகூடக் குடிக்கவில்லை. செக்கிங்குக்கு அதுதான் உறுத்தியது. எலி அம்மணமாக ஓடுகிறது என்றால் காரணம் இல்லாமலா ஓடும்?

இன்னும் இரண்டு விஷயங்கள் அவர் கண்ணில் பட்டன. ஒன்று, அந்தம்மா ஒருநாளும் லிஃப்டில் ஏறுவதில்லை. அறுபது வயதில் ஐந்து மாடியை மூச்சு வாங்க நடந்தே ஏறுவார். லிஃப்டில் கேமரா இருக்கிறது, மாடிப்படியில் இல்லை. இரண்டாவது, கையில் இருக்கும் துணிப்பை. வரும்போது தட்டையாக வரும். போகும்போது பூசணிக்காய் மாதிரி உப்பிப் போகும்.

விடுவாரா மனிதர்? பீரோக் கதவின் இடுக்கில் நூல் வைத்தார். மருந்து பாட்டிலில் பென்சிலால் கோடு போட்டார். கரண்டிகளை எண்ணினார். வியாழன் மாலை வந்து பார்த்தால் நூல் நூலாகவே இருந்தது, கோடு கோட்டிலேயே நின்றது, கரண்டியும் குறையவில்லை. வேறு ஆளாக இருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பார். இவருக்குச் சந்தேகம் இரட்டிப்பானது. சில்லறையில் கை வைக்காதவள் பெரிதாக ஏதோ திட்டம் வைத்திருக்கிறாள் என்று முடிவு கட்டினார்.

போதாததற்கு மனைவி வேறு மாறிப்போயிருந்தாள். சுவரைப் பார்ப்பதை விட்டுவிட்டாள். இரண்டாம் மாடி ஆசிரியையும் நாலாம் மாடி விதவையும் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து தங்கள் கஷ்டத்தைச் சொல்லிவிட்டுப் போனார்கள். ஒவ்வொரு வீட்டுக்காகவும் அவள் மாடி வாரியாக ஜெபம் பண்ணினாள். எனக்கும் ஒரு வேலை கிடைத்திருக்கிறது, இதற்குத்தான் ஆண்டவர் என்னை வைத்திருக்கிறார் என்று சிரித்தாள். நோயாளி சிரிப்பதைக்கூட அவர் சந்தேகமாகத்தான் பார்த்தார். என்ன மருந்து கொடுக்கிறாளோ பாவி என்று நினைத்தார்.

ஒரு வியாழக்கிழமை, வேலைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, லிஃப்ட் மெக்கானிக்குக்கு மட்டுமே தோன்றக்கூடிய ஒரு காரியம் செய்தார். கீழே ‘வேலை நடக்கிறது’ பலகையை மாட்டினார். நாலாம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவில் லிஃப்டை நிறுத்தி, அதன் கூரைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டார். எதிரேதான் அவர் வீட்டு வாசல். காற்றுக்காகக் கதவு திறந்தே கிடக்கும். இருட்டுக் குழிக்குள் காதைத் தீட்டிக்கொண்டு, தன் வீட்டையே ஒட்டுக் கேட்டார்.

முதலில் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. பிறகு மனைவியின் குரல் வந்தது. “இன்னைக்கும் நனைச்சுட்டேன்க்கா. இவர் பாக்குறதுக்குள்ள மாத்திடுங்க. அவருக்குத் தெரிஞ்சா நான் செத்தே போயிடுவேன்.”

தையல்காரம்மா ஏதோ சமாதானம் சொன்னார். விரிப்பை உருவும் சத்தமும் சுருட்டிப் பைக்குள் திணிக்கும் சத்தமும் கேட்டன. இந்த மனிதர் கரண்டியை எண்ணினாரே தவிர, கட்டில் விரிப்பை எண்ணவில்லை.

பிறகு மனைவி அழுதாள். தனக்குப் பயமில்லை, போகிற இடம் தெரியும் என்றாள். யாரையும் நம்பாத இந்த மனிதர் அங்கே எப்படி வந்து சேரப்போகிறார் என்பதுதான் தன் கவலை என்றாள்.

செக்கிங்குக்கு உடம்பெல்லாம் கூசியது. எழுந்துபோக டார்ச்சை அடித்தார். வெளிச்சம் கயிற்றின்மேல் விழுந்தது. கம்பி இழைகள் நாலைந்து இடங்களில் அறுந்து முள்ளாக நீட்டிக்கொண்டிருந்தன. போன மாதம்தான் ‘சரியாக உள்ளது’ என்று கையெழுத்துப் போட்டிருந்தார். ஊருக்கெல்லாம் குறி சொல்லும் பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதைதான். உலகத்தையே சந்தேகப்பட்டவர், தன் கண்ணை மட்டும் ஒருநாளும் சந்தேகப்படவில்லை.

அன்று சாயங்காலம் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒட்டுக் கேட்டதை ஒப்புக்கொண்டார். அவள் திட்டவில்லை. அவர்தான் பரலோகத்தைப் பற்றிச் சண்டைக்கு இழுத்தார்.

“செத்துப் போனவங்க யாராவது திரும்பி வந்து சொன்னாங்களா?”

“ஒருத்தர் வந்தாரே. மூணாம் நாள் கல்லறையை விட்டு இயேசு வெளிய வந்தாரே.”

“பார்த்தது யாரு?”

“உங்க லிஃப்டுல ஏறுறவங்க எல்லாம் கயிறைப் பார்த்துட்டா ஏறுறாங்க?” என்று கேட்டாள். பிறகு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். “அங்க வருவீங்களான்னு மட்டும் சொல்லுங்க. எனக்காகப் பொய் சொல்லாதீங்க. நீங்க பொய் சொன்னா எனக்குத் தெரியும்.”

வருகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அவரால் முடியவில்லை. நம்பாததை நம்புவதாக அவர் எந்தக் காகிதத்திலும் தெரிந்து கையெழுத்துப் போட்டதில்லை. சாகப்போகிறவளிடம் மட்டும் எப்படிப் போடுவது? எழுந்துபோய்ச் சமையலறையில் முகத்தைக் கழுவிக்கொண்டார்.

லிஃப்டைப் பூட்டிவிட்டு, புதுக் கயிறு வரவழைத்து மாட்ட ஒரு வாரம் ஆயிற்று. அதற்குள் அவள் மிகவும் தளர்ந்துவிட்டாள். அடுத்த வியாழன் காலையிலிருந்து அக்கா வந்தாச்சா, அக்கா வந்தாச்சா என்று அதையே கேட்டுக்கொண்டிருந்தாள். மூச்சு மேலேயும் கீழேயும் இழுத்தது. ஆசிரியையை அவளோடு உட்கார வைத்துவிட்டு, செக்கிங் கடைசித் திருகை முடுக்கினார். சட்டப்படி தனியாக ஏறினார். கீழே போனார், மேலே வந்தார், மறுபடியும் கீழே இறங்கிக் கதவைத் திறந்தார்.

மாடிப்படியின் முதல் படியில் தையல்காரம்மா உட்கார்ந்திருந்தார். முழங்கால் வீங்கிப் பானையாக இருந்தது. இரண்டு படி ஏறிப் பார்த்தாராம், முடியவில்லையாம். லிஃப்டைக் கண்டதும் முகம் வெளிறியது. ஒரு தடவை ஏதோ ஒரு லிஃப்டில் இருட்டில் ஒரு மணி நேரம் மாட்டிக்கொண்டாராம், அதிலிருந்து இந்தப் பெட்டியைப் பார்த்தாலே நெஞ்சு அடைக்கிறதாம். கேமராவுக்குப் பயந்தவள் என்று இத்தனை நாள் நினைத்திருந்த பெண்மணியின் எதிரே அவர் தலைகுனிந்து நின்றார்.

“அம்மா, இந்தக் கயிறை மாட்டினது நான். நானே முதல்ல ஏறி, போயிட்டுத் திரும்பி வந்து உங்க முன்னாடி நிக்கிறேன். இதுக்கு மேல என்ன வேணும்? என்னை நம்பி வாங்க.”

அந்தம்மா துணிப்பையை மார்போடு அணைத்துக்கொண்டார். பிறகு எழுந்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு, கிரீஸ் படிந்த அவர் சட்டைக் கையைப் பிடித்தபடி உள்ளே காலை வைத்தார். கயிற்றைக் காட்டு என்று கேட்கவில்லை. தன்னைத் திருடி என்று நினைத்தவரின் வார்த்தையை மட்டும் நம்பி ஏறினார்.

மூன்றாம் மாடியைத் தாண்டும்போதுதான், தான் சொன்ன வார்த்தை அவர் காதுக்கே எட்டியது. போயிட்டுத் திரும்பி வந்து நிற்கிறேன். மணல் மூட்டையை அனுப்பாமல், தானே இறங்கிச் சாவின் அடிமட்டம் வரை போய் வந்த ஒருவரைப் பற்றித்தானே அவள் இத்தனை நாளாகத் தொண்டை வறளச் சொல்லிக்கொண்டிருந்தாள்? அந்தத் தொழில்காரரை அவருக்குப் புரிந்தது. கண் கலங்கியது. அந்தம்மா கண்ணை மூடியிருந்ததால் பார்க்கவில்லை.

கட்டிலுக்குப் பக்கத்தில் மண்டியிட்டார். “வர்றேன்,” என்றார்.

அவள் கண்ணைத் திறந்து அவரை அளந்து பார்த்தாள். பொய்யில்லை என்று தெரிந்துகொண்டாள். “செக் பண்ணிட்டீங்களா?”

“பண்ணிட்டேன். கயிறு மாட்டினவரே முதல்ல போயிட்டு வந்திருக்கார். நீ தைரியமா போ. கதவை மட்டும் பிடிச்சுக்கிட்டு நில்லு.”

“மெதுவாவே வாங்க,” என்றாள். “எனக்குக் கை வலிக்காது.”

மறுநாள் மதியம் அவள் போய்விட்டாள். கடைசி விரிப்பைச் சுருட்டிப் பையில் வைக்கப்போன தையல்காரம்மாவிடமிருந்து அதை வாங்கி, அவரே துவைத்துக் காயப்போட்டார்.

இப்போதெல்லாம் வியாழன் நாலு மணிக்கு அந்தத் துணிப்பை செக்கிங்கின் கையில்தான் இருக்கும். படுத்த படுக்கையாகக் கிடக்கிறவர்கள் வீட்டுக்கு அவரும் தையல்காரம்மாவும் சேர்ந்து போகிறார்கள். இருவரும் லிஃப்டில்தான் ஏறுகிறார்கள். சந்தேக புத்தி முழுக்கப் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் கட்டில் காலை ஆட்டிப் பார்ப்பார். போன வாரம் ஒரு கிழவரைப் புரட்டிப் படுக்க வைத்துவிட்டு மருந்தை எடுத்தபோது, பாட்டிலில் புதிதாக ஒரு பென்சில் கோடு இருந்தது. வாசல்படியில் நின்று அந்த வீட்டு மகன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். செக்கிங் மருந்தை ஊற்றிக் கொடுத்துவிட்டு, கோடு அழியாமல் பாட்டிலை இருந்த இடத்திலேயே வைத்தார். நனைந்த விரிப்பைப் பையில் திணித்துக்கொண்டு, அடுத்த வியாழக்கிழமை வருகிறேன் தம்பி என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.