புகை அடங்க ஒரு நிமிஷம்

மூன்று வாரமாக இந்தப் பக்கத்தில் ஆளைக் காணோமே என்று சிலர் விசாரித்திருந்தீர்கள். நன்றி. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. என் மைத்துனன் பிரபு ஆஸ்பத்திரியில் இருந்தான்.

காரணம், ஒரு கிளாஸ் ஜூஸ். நீல நிறம், மேலே வெள்ளைப் புகை.

நண்பரின் மகளுக்குக் கல்யாணம். காலையில் சர்ச், மதியம் லிங்கராஜபுரத்தில் ஒரு ஹாலில் ரிசப்ஷன். நானும் மனைவியும் அவள் தம்பி பிரபுவும் போயிருந்தோம். பிரபுவுக்கு முப்பத்தோரு வயது. திருப்பத்தூர்க்காரன். பொம்மனஹள்ளியில் ரூம் எடுத்துத் தங்கி, ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டிங் வேலை பார்க்கிறான். எதையும் சோதித்துப் பார்க்காமல் வெளியே விடக்கூடாது என்பதற்காகச் சம்பளம் வாங்குகிறவன்.

ஹாலுக்குள் நுழைந்ததுமே ஒரு கவுண்டர். தொப்பி போட்ட ஒருவர் — என் வயதுதான் இருக்கும் — பெரிய ஸ்டீல் ஃப்ளாஸ்க்கிலிருந்து கிளாஸில் எதையோ ஊற்றுகிறார். குபுகுபுவென்று புகை பொங்கி, விளிம்பைத் தாண்டி, மேஜை விரிப்பில் தவழ்கிறது. குழந்தைகள் குதித்தார்கள். பெரியவர்கள் போனை எடுத்தார்கள். நானும் எடுத்தேன்.

"இன்னா மாமா இது?" என்றான் பிரபு.

"லிக்விட் நைட்ரஜன்டா. ஐஸ்க்ரீம்ல எல்லாம் போடுவாங்க. ஒண்ணும் ஆகாது."

இதில் 'லிக்விட் நைட்ரஜன்' என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். அதுவும் கவுண்டரில் எழுதி ஒட்டியிருந்தது. 'ஒண்ணும் ஆகாது' என் சொந்தச் சரக்கு. தெரியாததைத் தெரிந்த குரலில் சொல்வது, எழுதிப் பிழைக்கிறவனின் தொழில் வியாதி.

பிரபுவைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். அவன் எதையும் உதடு வைத்துக் குடிக்க மாட்டான். தண்ணீர், மோர், ஆபீஸில் பாட்டில் — எல்லாமே அண்ணாந்துதான். அரை முழம் உயரத்திலிருந்து ஒரே தாரையாக நேராகத் தொண்டைக்குள் இறங்கும். சட்டையில் ஒரு சொட்டு விழாது. எங்கள் வீட்டில் இது ஓர் ஐட்டம். விருந்தாளி வந்தால் செய்துகாட்டச் சொல்வோம்.

"ஒரே கிளாஸ் வாங்குங்க, போதும்," என்றாள் மனைவி. "டேய், எச்சில் பண்ணாம குடி. நானும் ஒரு வாய் பாக்குறேன்."

தொப்பிக்காரர் கிளாஸை மேஜையில் வைத்தார். வைத்துவிட்டு, அடுத்த கிளாஸுக்குத் திரும்பிக்கொண்டே சொன்னார்:

"ஒந்து நிமிஷ தாளி, சார்."

ஒரு நிமிஷம் பொறுங்கள், சார்.

எனக்குக் கன்னடம் புரியாதா? தாத்தா காலத்திலேயே இந்த ஊருக்கு வந்த குடும்பம். வீட்டில் பாதிச் சண்டை கன்னடத்தில்தான் நடக்கும். புரிந்தது. ஆனால் இந்த ஊரில் 'ஒந்து நிமிஷ' என்று யார்தான் சொல்லவில்லை? ஆட்டோக்காரர் சொல்கிறார். பேங்கில் சொல்கிறார்கள். கேஸ் ஆபீஸில் போனை எடுத்தவுடன் அதைத்தான் சொல்கிறார்கள். அது பாதி நாளாகவும் இருக்கலாம், வெறும் மரியாதையாகவும் இருக்கலாம். உண்மையான அறுபது நொடியாக இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்?

தவிர... ஒரு நிமிஷம் பொறுத்தால் புகை போய்விடுமே. அப்புறம் வீடியோவில் என்ன இருக்கும்? நீல ஜூஸ்!

கிளாஸை எடுத்து அவன் கையில் கொடுத்தது நான்தான். கிளாஸ் மேஜைக்கு வரும் முன்பே கேமராவை ஆன் செய்திருந்ததும் நான்தான்.

பிரபு அண்ணாந்தான். தாரை இறங்கியது. ஒரு சொட்டு சிந்தவில்லை. அக்காவுக்கு மிச்சம் வைப்பதை மறந்து முழு கிளாஸையும் காலி செய்து நிமிர்ந்தபோது, அவன் மூக்கிலிருந்து புகை வந்தது. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். நானும் தட்டியிருப்பேன். கையில் போன் இருந்தது.

சிரித்துக்கொண்டிருந்தவனின் முகம் மாறியது.

"மாமா... வயிறு ஒரு மாதிரி இழுத்துப் பிடிக்குது."

அடுத்த சில நிமிடங்களில் சட்டை பட்டன் தெறிக்கும் அளவுக்கு வயிறு உப்பிவிட்டது. மூச்சு வாங்கியது. உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. நண்பரின் காரில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடினோம்.

அவசரப் பிரிவில் டாக்டரம்மா முதலில் கேட்டது: "என்ன குடிச்சாரு? எப்படிக் குடிச்சாரு?"

போனை நீட்டினேன்.

அவர் ஒருமுறை பார்த்தார். ஒலியோடு. பக்கத்தில் நின்று மனைவியும் கேட்டாள். வீடியோவில் ஒரு குரல் உற்சாகமாகக் கத்துகிறது: "சீக்கிரம்டா! புகை போயிடப் போவுது!"

யார் குரல் என்று சொல்ல வேண்டுமா?

டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருக்கலாம். ஸ்கேன் எடுத்து, இரைப்பையில் ஓட்டை விழுந்திருக்கிறது, உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார். கையெழுத்து மனைவி போட்டாள். தியேட்டர் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தபோது அவள் பேசியது ஒரே வாக்கியம்: "நான்தானேங்க எச்சில் பண்ணாதன்னு சொன்னேன்."

இல்லை, நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. பயம். அவன் எழுந்து வருவானா என்ற பயம்.

வந்தான்.

பிறகு ஒருநாள் டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். நைட்ரஜன் விஷமில்லையாம். நாம் சுவாசிக்கும் காற்றில் முக்கால் பங்குக்கு மேல் அதுதான். வில்லங்கம் அதைத் திரவமாக்கும்போது வருகிறது. பூஜ்யத்துக்கும் கீழே கிட்டத்தட்ட இருநூறு டிகிரிக் குளிர். தொட்ட இடத்தைத் தீ மாதிரி பொசுக்கும். அதோடு விடாது. சூடான வயிற்றுக்குள் போனதும் காற்றாக விரியும்.

"ஒரு ஸ்பூன் உள்ள போனா மூணு லிட்டருக்கு மேல காத்து. வயிறு எங்க சார் தாங்கும்?"

"அவன் அண்ணாந்து குடிச்சதாலயா டாக்டர்?"

"சப்பிக் குடிச்சாலும் ஆபத்துதான். ஆனா உதடு பட்டிருந்தா அந்த நொடியே சுட்டு, நிறுத்தியிருப்பாரு. இன்னொண்ணு... அது ஜூஸுக்கு மேல மிதக்கும் சார். கிளாஸைச் சாய்ச்சா முதல்ல விழறதே அதுதான். முழுசா ஆவியாயிடுச்சான்னு பாத்துட்டுத்தான் கிளாஸையே கைக்குக் கொடுக்கணும். புகை வருதுன்னா இன்னும் உள்ள இருக்குன்னு அர்த்தம்."

சுத்தம் என்று நாம் பெருமையாகச் செய்துகொண்டிருந்த பழக்கம், உதடு என்கிற காவல்காரனைத் தாண்டி நேராக உள்ளே இறக்கிவிட்டது. அண்ணாந்து குடிப்பது தப்பில்லை. எதைக் குடிக்கிறோம் என்று தெரியாமல் குடிப்பதுதான் தப்பு.

தொப்பிக்காரர் மீது கோபம் இல்லையா? இருக்கிறது. புகையும் கிளாஸை யார் கைக்கும் எட்டுகிற இடத்தில் வைத்துவிட்டுத் திரும்பலாமா? குழந்தை ஒன்று எடுத்திருந்தால்? ஆனால் கொஞ்சம் யோசியுங்கள். புகை அடங்கிய பிறகு கொடுத்தால் அந்தக் கவுண்டர் முன்னால் யார் நிற்பார்கள்? நாம் குடிக்கப் போவது ஜூஸை, கேட்பது புகையை. வாய்க்கு ருசியே இல்லாத ஒன்றை, கேமராவுக்காக வயிற்றில் ஊற்றிக்கொள்கிறோம். ஆபத்து மாதிரித் தெரிவதுதான் அதன் கவர்ச்சியே.

பிரபு கண் விழித்து என்னிடம் முதலில் என்ன கேட்டான் தெரியுமா?

"ஒரு சொட்டு... கீழ விழல இல்ல மாமா?"

சிரித்தேன். பிறகு வராந்தாவுக்குப் போய் அழுதேன். ஐம்பத்தாறு வயதில், கேன்டீன் பையன்கள் பார்க்கப் பார்க்க.

இப்போது அவன் எங்கள் வீட்டில்தான் இருக்கிறான். கஞ்சியும் இட்லியும். உதடு வைத்துத்தான் குடிக்கிறான், அதுவும் துளித்துளியாக. 'வீடியோவை டெலிட் பண்ணிடுங்க' என்று மனைவி நான்கு முறை சொல்லிவிட்டாள். நானும் சரி என்றுதான் இருந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பிரபு கேட்டான்.

"மாமா, அந்த வீடியோ இருக்கா? எனக்கு அனுப்புங்க."

"எதுக்குடா?"

"எங்க டீம்ல அடுத்த மாசம் பார்ட்டி. ஸ்மோக் கவுண்டர் புக் பண்ணலாமான்னு குரூப்ல கேட்டுட்டு இருக்கானுங்க. அதப் போட்டு, கீழ என் தையல் போட்டோவையும் போடறேன். ஒரு பய கிட்ட போக மாட்டான்."

அனுப்பப் போனேன். விரல் ஒலியை அடைக்கும் பொத்தான் பக்கம் போனது. என் குரல் எதற்கு? படம் போதாதா? முகம் தெரியாத நாற்பது பேர் 'யாருடா இந்த ஆளு?' என்று கேட்பார்கள். கேட்கட்டுமே. எந்த ஹாலிலும் கிளாஸைத் தூக்குகிறவன் ஒருவன்தான். 'சீக்கிரம், சீக்கிரம்' என்று கத்துகிறவர்கள்தான் நிறையப் பேர். அவர்களுக்கும் ஏதாவது கேட்க வேண்டாமா?

ஒலியோடுதான் அனுப்பினேன்.

அனுப்பும்போதுதான் திரையின் ஓரத்தில் ஓடும் நேரத்தைக் கவனித்தேன். கிளாஸ் மேஜைக்கு வருவதிலிருந்து பிரபுவின் மூக்கில் புகை வருவது வரை, மொத்தம் முப்பத்தெட்டு நொடி.

அந்த மனிதர் கேட்டது ஒரு நிமிஷம்.