கதிரையை விட்டு எழும்பாத கோடை

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தின் பழைய மாணவர் சங்கத்துக்கு லண்டனில் ஒரு கிரிக்கெட் அணி உண்டு. அந்தக் கோடையில் அது தோற்பதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை. மே மாதம் லீக் தொடங்கியது. ஜூலை பிறந்தும் ஒரு மட்ச் வெல்லவில்லை. மழை வந்து ஆட்டம் நின்றுபோன ஞாயிற்றுக்கிழமைகளில்தான் நாங்கள் சிரித்த முகத்தோடு வீட்டுக்குப் போனோம்.

நாங்கள் என்றால் விளையாடுகிறவர்கள் இல்லை. எல்லைக்கோட்டுக்கு வெளியே மடக்குக் கதிரைகளைப் போட்டுக்கொண்டு இருப்பவர்கள். முழங்கால் போனவர்கள், முதுகு போனவர்கள், விளையாட்டை விட்டும் வாயை விடாதவர்கள். குரோய்டன் பக்கம் கவுன்சில் மைதானம் ஒன்றில் ஒரு பெரிய மரத்தடி எங்கள் இடம். பந்து எங்கள் பக்கம் வந்தால் குனிந்து எடுக்க ஒருவராலும் ஏலாது. ஆனால் யாரை எத்தனையாவதாக ஆட இறக்க வேண்டும் என்று எங்களுக்குத் தெரிந்த அளவு கப்டனுக்குத் தெரியாது.

என் மகன்தான் அணியின் விக்கெட் கீப்பர். அவன் நல்ல கீப்பர் இல்லை. பெற்றவன் வாயால் சொல்லக்கூடாது, ஆனாலும் அதுதான் உண்மை. காலுக்குள்ளால் பந்து போகும். கைக்கு நேராக வந்த பிடி நழுவும். எங்கள் சங்கத்தில் பள்ளியின் பழைய மாணவரோ அவர்களின் பிள்ளைகளோ மட்டும்தான் விளையாடலாம். அந்தச் சட்டத்துக்குள் அடங்கி, ஞாயிறு காலையில் நித்திரையை விட்டு எழும்பக்கூடிய ஆட்கள் பதினொரு பேர் தேறுவதே பெரும்பாடு. அப்படித்தான் அவனுக்கு இடம் கிடைத்தது.

அவன் வேலை கிழக்கு லண்டனில். கூட்டாளிகளோடு அங்கேயே ஒரு பிளாட்டில் இருக்கிறான். நாங்கள் இருப்பது தெற்கே சட்டனில். ஞாயிறு காலை அவன் ரயிலில் தோர்ண்டன் ஹீத்துக்கு வருவான். நான் காரோடு ஸ்டேஷனுக்கு வெளியே நிற்பேன். பக்கத்துத் தமிழ்க் கடையில் சுடச்சுட மட்டன் றோல்ஸ் வாங்கிக்கொண்டு மைதானத்துக்குப் போவோம். அந்தக் கார்ப் பயணத்தில்தான் நானும் அவனும் கதைப்போம். வேலை எப்படி என்றால் ‘ஃபைன்’ என்பான். சாப்பாடு எப்படி என்றால் அதற்கும் ‘ஃபைன்’. அணியைப் பற்றிக் கேட்டால் மட்டும் வாய் திறப்பான். கப்டனின் புத்தியைப் பற்றி, எங்கள் வேகப்பந்து வீச்சாளரின் வயிற்றைப் பற்றிச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். தாயோடு அவன் போனில் எதையும் பேசுவான். அவளுக்கு எந்தக் கிழமையும் ஒன்றுதான். எனக்கு ஞாயிறு மட்டும்தான்.

இதற்குள் வந்து விழுந்ததுதான் ‘ரீபில்ட்’ என்ற சொல்.

கொண்டுவந்தவர் பிரான்ஸ்காரர். ஊரிலே எனக்கு இரண்டு வகுப்புக் கீழே படித்தவர். பரிஸில் பல வருசம் இருந்துவிட்டு வந்து இங்கே கடை நடத்துகிறார். அவருடைய தம்பி அமெரிக்காவில் பேஸ்போல் பைத்தியம். தொடர்ந்து தோற்கிற ஒரு அணிக்கு ஆதரவாளராம். பாதி சீசனில் அந்த அணி, இந்த வருசம் போனது போனதுதான் என்று கைகழுவிவிட்டு, பழைய ஆட்களை அனுப்பிப் புது ஆட்களை எடுத்துத் திரும்பக் கட்டுகிறதாம். அதைத்தான் ‘ரீபில்ட்’ என்பார்களாம். அண்ணனும் தம்பியும் அதைப் பற்றி மணிக்கணக்காகப் போனில் அடிபடுவார்களாம். ஒரு ஞாயிறு, தேத்தண்ணி பிளாஸ்கைத் திறந்துகொண்டே பிரான்ஸ்காரர் எங்கள் எல்லோரையும் பார்த்துச் சொன்னார்.

“எங்களுக்கும் அதுதான் வழி. லீக் சட்டத்தில வெளியாக்கள் ரெண்டு பேரை எடுக்கலாம். எங்கட சங்கம்தான் விடுறேல்லை. வெம்பிளியில எனக்குத் தெரிஞ்ச குஜராத்திப் பெடியன் ஒருத்தன் இருக்கிறான், கீப்...” என்று தொடங்கியவர் என்னைப் பார்த்தார். “கீழ்வரிசையிலயும் நல்லா அடிப்பான்” என்று முடித்தார்.

கதிரைக்காரருக்குள் ஒரு ஒழுங்கு உண்டு. யாரும் எழுதி வைத்ததில்லை. தகப்பன் பக்கத்தில் இருக்கும்போது மகனின் ஆட்டத்தைக் குறை சொல்லக்கூடாது. பந்தைக் கண்டபடி எறிகிறவனின் தகப்பன் இருந்தால், “இண்டைக்குக் காத்து கூட” என்போம். முதல் பந்திலேயே அவுட் ஆனவனின் தகப்பன் இருந்தால், “நல்ல பந்து” என்போம். அவர் எழும்பி அந்தப் பக்கம் போனதும் பிடிபிடியென்று பிடிப்போம். நானும் பிடித்திருக்கிறேன். அதில் ஒரு ருசி இருக்கிறது, பொய் சொல்லக்கூடாது.

எனக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. அடிக்கடி எழும்பித்தான் ஆகவேண்டும். கழிப்பறை மைதானத்தின் மற்றப் பக்கத்தில். அன்று போய்த் திரும்பி வரும்போது, தூரத்திலேயே கதிரைகளில் கைகள் பறப்பது தெரிந்தது. பிரான்ஸ்காரர் எழும்பி நின்று, கீப்பர் குந்துகிற மாதிரிக் குந்திக் காட்டிக்கொண்டிருந்தார். நான் கிட்ட வந்ததும் குந்தினவர் சப்பாத்து நாடாவைக் கட்டத் தொடங்கினார்.

“மாம்பழப் பெட்டி இந்த வருசம் நல்லாயில்லை என்ன, அண்ணை?” என்றார் ஒருவர்.

“ஓம், புளிக்குது” என்றேன்.

அதற்கடுத்த முறை போய் வந்தபோதும் மாம்பழம். அன்றைக்கு அந்த மரத்தடியில் மாம்பழத்தைப் பற்றிப் பேசிய அளவுக்கு மாம்பழ வியாபாரிகூடப் பேசியிருக்க மாட்டான். நான் எழும்பிப் போகும் ஒவ்வொரு முறையும் என் மகனின் இடம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுகொண்டிருந்தது. கப்டன் கதிரைக்காரரின் பேச்சைக் கேட்கிறவர். அதிலும் பிரான்ஸ்காரர் அவருக்குத் தாய்மாமன்.

அன்றிலிருந்து நான் எழும்பவில்லை.

இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் நடந்தது. காலையில் வீட்டில் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினேன். மைதானத்தில் தேத்தண்ணி தந்தால் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு ஆற விட்டேன். மட்ச் தொடங்கி முடியும் வரைக்கும் காலுக்கு மேல் கால், பிறகு மற்றக் காலுக்கு மேல் இந்தக் கால். வெயில் மரத்தைச் சுற்றி வந்து முகத்தில் அடித்தாலும் கதிரையை நகர்த்தவில்லை. நான் இருக்கும் வரைக்கும் யாரும் கீப்பரைப் பற்றிப் பேச முடியாது. அது ஒன்றுதான் என் கையில் இருந்தது.

பிரான்ஸ்காரரும் விடவில்லை. ஆட்களை விட்டுவிட்டு இடங்களைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.

“ஆரையும் குறை சொல்லேல்லை. ஸ்டம்புக்குப் பின்னால போற ஓட்டங்களைத்தான் சொல்லுறன்.”

“ஐசே, பள்ளிக்கூடத்தின்ர பேர் என்னத்துக்கு இருக்கு?” என்று நான் பாய்ந்தேன். “நாளைக்கு முழுக்க வெளியாக்களை இறக்கிப்போட்டு எங்கட கொடியைப் பிடிக்கிறதோ? தோத்தாலும் எங்கட பிள்ளையள் தோக்கட்டும்.”

கைதட்டல்கூட விழுந்தது. அந்தப் பள்ளிக்கூடத்தில் நான் ஒழுங்காக ஒரு தவணை படித்தவனில்லை என்பதும், மதில் பாய்ந்து போன நாட்களே கூட என்பதும் அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். பள்ளிக்கூடத்தின் பெயரை வாயில் வைத்துக்கொண்டு என் ஞாயிற்றுக்கிழமையைத்தான் நான் காத்துக்கொண்டிருந்தேன். மகனுக்காக என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அவனிடம் மட்டும் ஒரு சொல் கேட்கவில்லை.

ஜூலைக் கடைசியில் ஒரு ஞாயிறு. அன்று வெயில் கொளுத்தியது. எதிரணியின் சிறந்த துடுப்பாட்டக்காரன் கொடுத்த பிடியை என் மகன் தவறவிட்டான். கொஞ்ச நேரத்தில் அதே ஆள் கொடுத்த இன்னொன்றையும் விட்டான். கதிரைக்காரர் எல்லோரும் என்னைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார்கள். “வெயில் கண்ணுக்குள்ள அடிக்குது” என்றார் ஒருவர். வெயில் அவனுடைய முதுகுப் பக்கம் அடித்தது. எனக்கோ அடிவயிறு வெடிக்கிற மாதிரி இருந்தது. கதிரைக் கைகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஆட்ட இடைவேளையில் மற்றவர்கள் தண்ணீருக்குப் போக, அவன் கையுறைகளைக் கழற்றிக்கொண்டு நேராக எங்களிடம் வந்தான். வழமையாக அவன் மரத்தடிக்கு வருவதில்லை. பிரான்ஸ்காரரின் முன்னால் வந்து நின்றான். அவன் பேசியது ஆங்கிலத்தில்தான். மாமா, அப்பா என்ற சொற்கள் மட்டும் தமிழ்.

“மாமா, அந்த வெம்பிளிப் பெடியனை எடுங்கோ. நான் கப்டனிட்டச் சொல்லிப்போட்டன். நான் இனி விளையாடேல்லை.”

பிரான்ஸ்காரர், “சீச்சீ, நீர் நல்லாத்தானே விளையாடுறீர்” என்று முனகினார். மகன் சிரித்தான். பிறகு என் பக்கம் திரும்பினான்.

“அப்பா, இனிப் போட்டு வாங்கோ. டொய்லெட் பூட்டப்போறாங்கள்.”

அவனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அணிப் பெடியள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மரத்தடிக்காரரின் ஒழுங்கு, நான் ஏன் எழும்புவதில்லை என்பது, மடியில் ஆறுகிற தேத்தண்ணி, எல்லாமே. ஸ்டம்புக்குப் பின்னால் நின்று அவன் பந்தைப் பார்த்ததைவிட என்னைத்தான் கூடப் பார்த்திருக்கிறான் போல. நான் எழும்பினேன். கால்கள் விறைத்துப்போயிருந்தன. மைதானத்தைச் சுற்றிப் போகும்போது யாரையும் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. திரும்பி வந்தபோது மாம்பழப் பேச்சுக்கூட இல்லை.

மட்ச் முடிந்து காரில் போகும்போது கேட்டேன். “ஏன் தம்பி, உனக்கு விருப்பமில்லையோ?”

“எனக்கு எப்பவுமே விருப்பமில்லை அப்பா. நீங்கள் ஆசைப்படுறீங்கள் எண்டுதான் வந்தனான்.”

உனக்காகத்தானே நான் எழும்பாமல் இருந்தேன் என்று சொல்ல வாய்வரை வந்தது. அது உண்மையில்லை என்பதால் சொல்லவில்லை.

தோர்ண்டன் ஹீத் ஸ்டேஷனில் அவன் இறங்கும்போது, “ஞாயிறு சும்மா வீட்டை வாவன். அம்மா சமைப்பா” என்றேன்.

“ஷுவர், அப்பா” என்றான். பிள்ளைகளின் அந்த ‘ஷுவர்’ எனக்குத் தெரியும். கதவை மெதுவாகச் சாத்திவிட்டு, கையசைத்துவிட்டுப் போனான். நான் வீடு போய்ச் சேருவதற்குள் அவன் அணியின் வாட்ஸ்அப் குழுவிலிருந்தும் விலகியிருந்தான்.

சங்கத்தின் கமிட்டி ஒரு போன் கூட்டத்திலேயே சட்டத்தை மாற்றியது. அடுத்த ஞாயிறு நான் போகாமல் இருந்திருக்கலாம். அவன் வீட்டுக்கு வருவானோ என்று பதினொரு மணி வரைக்கும் ஜன்னலடியில் நின்றேன். நண்பர்களோடு வெளியே போகிறானாம் என்று தாய் சொன்னாள். அதற்குப் பிறகு வீட்டில் இருக்க ஏலாமல் கதிரையை எடுத்துக் காரில் போட்டேன்.

வெம்பிளிப் பெடியன் பூனை மாதிரிக் கீப்பிங் செய்தான். அவன் இடது பக்கம் பாய்ந்து ஒரு கையால் எடுத்த பிடியைக் கண்டு நானே எழும்பிக் கத்திவிட்டேன். கத்திய பிறகு என்மேலேயே எரிச்சல் வந்தது. அன்று நாங்கள் வென்றோம். அந்தக் கோடையின் முதல் வெற்றி. பிரான்ஸ்காரர் அமெரிக்கத் தம்பிக்குப் போன் போட்டு, மைதானத்தில் நின்றபடியே கூத்தாடினார்.

மட்ச் நடுவில் நான் இரண்டு கோப்பைத் தேத்தண்ணி குடித்தேன். வேண்டிய நேரமெல்லாம் எழும்பிப் போனேன். ஒருமுறை திரும்பி வரும்போது பேச்சு சத்தமாக நடந்துகொண்டிருந்தது.

“முந்தி நிண்டதெல்லாம் ஒரு கீப்பரே?” என்று சிரித்துக்கொண்டிருந்தார் ஒருவர். நான் வந்து கதிரையில் இருந்தேன். யாரும் பேச்சை மாற்றவில்லை. ஒருவரும் மாம்பழத்தைப் பற்றிக் கேட்கவில்லை. அங்கே இப்போது நான் யாருக்கும் தகப்பன் இல்லை. ஒழுங்கின்படி அவர்கள் செய்தது சரிதான். நான் ஆட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பின்னேரம் நான் காருக்குள் ஏறியபோது போன் அடித்தது. மகன். அவனாகவே எனக்கு எடுத்து எவ்வளவு காலம். வெளியே பெடியள் வெம்பிளிப் பெடியனைத் தோளில் தூக்கிக்கொண்டு கத்தினார்கள். நான் கண்ணாடியை மேலே ஏற்றினேன்.

“அப்பா, என்ன நடந்தது? வெண்டதா?”

“எங்க வெல்லுறது? தோத்திட்டம்” என்றேன். “புதுக் கீப்பரும் சரியில்லை. ரெண்டு பிடியை விட்டுப்போட்டான்.”

மறுபக்கம் அவன் சிரிப்பது கேட்டது. கார்ப் பயணங்களில் சிரித்த அதே சிரிப்பு.

“டைம் குடுங்கோ அப்பா. ரீபில்ட் எண்டா அப்பிடித்தான். உடனே சரிவராது.”

“ஓம் தம்பி” என்றேன். “அடுத்த ஞாயிறும் எடு. என்ன நடந்தது எண்டு சொல்லுறன்.”